கந்தல்காரி என்று யாரும் சொல்லவில்லை

லொரேடாவில் டொரிண்டா செவானேவை முகத்துக்கு நேரே எல்லோரும் டொரிண்டா என்றுதான் கூப்பிட்டோம். அவள் முதுகைத் திருப்பியதும் கந்தல்காரி. ஐம்பது வருஷம் இப்படியே ஓடியது. எங்கள் தேவாலயப் பங்கில் எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு பட்டப்பெயர் உண்டு. எங்கள் வீடு செவிடன் வீடு. என் தாத்தாவின் அப்பாவுக்குக் காது கேட்காதாம், அதனால் இன்றைக்கும் நான் செவிடன் வீட்டுச் சபேலா. எனக்கு ஊசி விழுந்தால் கேட்கும், அது வேறு விஷயம். ஒருத்தர் பட்டப்பெயரை அவர் எதிரில் சொல்லக் கூடாது. செத்த பிறகு சொல்லலாம். மரண அறிவிப்பை அச்சடித்து பேக்கரிக் கதவிலும் சாராயக்கடையிலும் நீரூற்றுச் சுவரிலும் ஒட்டுவார்கள். பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயர் இருக்கும். அது இல்லாவிட்டால் செத்தது யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது, ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் செவானே, மீதிப் பேர் பாசோஸ்.

உண்மையான கந்தல்காரி டொரிண்டாவின் அம்மா பிலோமினாதான். கழுதை வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பழந்துணி வாங்குவாள். துணிக்குப் பதில் பீங்கான் தட்டோ கோப்பையோ கொடுப்பாள். சேர்ந்ததை மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு அனுப்புவாள். அப்பா வெனிசுவேலாவுக்குப் போனவர் இரண்டு கடிதம் போட்டார், அத்தோடு சரி. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் டொரிண்டா வண்டியோடு நடந்தாள். அடுத்தவர் வீட்டு வியர்வை நாற்றம் அவள் தலைமுடியில் இருக்கும் என்பார்கள். அவளோடு படித்தவள் பல்பினா, பிற்பாடு பேக்கரிக்காரனைக் கட்டிக்கொண்டவள். அவள் டொரிண்டாவின் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வாளாம். இதை டொரிண்டா எனக்குச் சொன்னதில்லை. பல்பினாதான் சொன்னாள், முதலில் சிரித்துக்கொண்டு, பிறகு சிரிக்காமல்.

பதினாறு வயதில் டொரிண்டா பார்சிலோனாவுக்கு ரயிலேறினாள். ஒன்பது வருஷம் ஒரு தையற்கூடத்தில் இருந்து தைக்கவும் வெட்டவும் வரையவும் கற்றுக்கொண்டு, மூன்று பழைய தையல் மெஷினோடு திரும்பி வந்தாள். அது எழுபத்து நாலு. எனக்குப் பத்தொன்பது வயது. என்னை வேலைக்கு எடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைக் காட்டச் சொன்னாள். ஒரு கம்பளித் துணியை மேசையில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு நூலோட்டம் எந்தப் பக்கம் என்று தடவிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நாளைக்கு வா என்றாள். இருபத்து மூன்று வருஷம் அந்த வெட்டு மேசைக்கு முன்னால் நின்றேன். என் முட்டி இரண்டும் போனது அங்கேதான்.

அவள் கோட்டுகளைப் பற்றிப் பத்திரிகைகள் என்னென்னவோ எழுதின. எங்கள் மலையின் மூடுபனி என்றார்கள், கல்லின் நிறம் என்றார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் கோட்டில் தோள் கனக்காது. கம்பளி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பாரம் தோளில் நிற்காமல் முதுகுக்குப் போகிற மாதிரி கழுத்துப்பட்டியை வெட்ட வைப்பாள். ஒரே கழுத்துப்பட்டியை ஏழு தடவை பிரிக்கச் சொல்லியிருக்கிறாள். எட்டாவது தடவை நான் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மூட்டை சுமந்தவளுக்குத்தான் எங்கே வலிக்கும் என்று தெரியும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேன். அதுவும் உண்மைதான்.

எண்பதுகளில் நாங்கள் நூற்று நாற்பது பெண்கள். காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் ஊரில் ஒரு சமையலறையிலும் ஆள் இருக்காது. கறுப்பு லேபிளில் வெள்ளை எழுத்து, டொரிண்டா செவானே, முழுப்பெயர். மாட்ரிட் ஃபேஷன் ஷோக்களுக்கு லாரி நிறையக் கோட்டு போகும். அவளும் போவாள், வாந்தி எடுத்துக்கொண்டே போவாள். மேடைக்கு வந்து கும்பிடு போடுகிற அரை நிமிஷத்துக்காக இரண்டு நாள் சோறு இறங்காது. திரும்பி வந்ததும் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, வெட்டின மிச்சத்தை எரித்தாயிற்றா என்பது.

ஆமாம், எரிப்போம். சனிக்கிழமை தோறும் வெட்டு மேசையில் விழுந்த துண்டு துணியெல்லாம் பின்கட்டில் குவித்து எரிக்க வேண்டும். நல்ல கம்பளித் துண்டு, குழந்தைக்குக் கையுறை தைக்கலாம், செருப்புக்கு உள்துணி வைக்கலாம். ஒரு கைப்பிடி கூட வாசலைத் தாண்டக் கூடாது. கம்பளி எரிகிற நாற்றம் தலைமுடி எரிகிற நாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஊரே அந்த நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கும். பல்பினா அப்போது எங்களோடு காஜா போடுகிற மெஷினில் இருந்தாள். ஒரு நாள் மெத்தைக்குள் அடைக்க ஒரு சாக்கு நிறையத் துண்டு துணி எடுத்துக்கொண்டு போனாள். டொரிண்டா வாசலிலேயே பிடித்து, எல்லோர் முன்னாலும் சாக்கைக் கவிழ்க்க வைத்தாள்.

"என் இடத்துல யாரும் கந்தல் பொறுக்கக் கூடாது" என்றாள். கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

பல்பினா அன்றோடு நின்றாள். அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "நான் பட்டுத்துணியா கேட்டேன்?"

எண்பத்தொன்றில் பிலோமினா செத்தாள். மகளிடம் அத்தனை லாரி இருந்தும் கடைசி மாதம் வரை கழுதை வண்டியோடு போய்க்கொண்டுதான் இருந்தாள், அவளை நிறுத்த யாராலும் முடியவில்லை. சவ அடக்கம் பார்க்கிற செல்சோ மரண அறிவிப்புக்கு விவரம் கேட்க வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பெயருக்குக் கீழே ஒன்றும் போட வேண்டாம் என்றாள் டொரிண்டா. செல்சோ தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே, அது இல்லாவிட்டால் ஜனங்களுக்குத் தெரியாதே அம்மா என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். வேண்டாம் என்றால் வேண்டாம். பிலோமினா பாசோஸ் ரியால், எழுபது வயது. அடக்கத்துக்குப் பதினோரு பேர் வந்தோம். எங்கள் பக்கத்தில் பகையாளி வீட்டுச் சாவுக்கே இருநூறு பேர் நிற்பார்கள். ஒரு வாரம் கழித்து அடுத்த ஊர்க் கிழவி ஒருத்தி பழந்துணி மூட்டையோடு தொழிற்சாலை வாசலுக்கு வந்து, கந்தல்காரி ஏன் இந்த மாதம் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். பதில் சொல்லியனுப்பியது நான். ஜன்னல் வழியாக டொரிண்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை பின்கட்டில் தீ மூட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை மூட்டினோம்.

பிறகு களைப்பு வந்தது. எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. பெரிய கடைக்காரர்கள் எங்கள் கோட்டைப் பார்த்து வேறெங்கோ மலிவாகத் தைத்து, எங்கள் கோட்டு கடைக்குப் போவதற்குள் மாட்டிவிட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தொகுப்பு போதாது, நாலு வேண்டும் என்றார்கள். வரைய உட்கார்ந்தால் போன வருஷக் கோட்டையே அவள் கை திரும்பவும் வரைந்தது. ஒரு மதியம் வெட்டு மேசைக்குக் கீழே துணிச் சுருளில் தலை வைத்து அவள் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். எழுந்ததும் எங்களைத் திட்டினாள்.

தொண்ணூற்றேழில் மாட்ரிட் கம்பெனி ஒன்று வந்து பெயரை வாங்கியது. தொழிற்சாலையோடு பெயர். நாற்பது பக்கம் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று நாள் தூங்கினாள். கம்பெனி எட்டு மாதம் எங்களை வைத்திருந்தது. பிறகு மெஷின்களைக் கடல் தாண்டி அனுப்பியது. நூற்று நாற்பது பேரும் வீட்டுக்குப் போனோம். நான் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனேன். தெருவில் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பேன். நான் மட்டுமல்ல. அவளைக் கந்தல்காரி என்று சொல்லும்போது அது வரை ஒரு சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் பற்கள்தான் தெரிந்தன.

கம்பெனி அந்தப் பெயரை என்ன பாடு படுத்தியது என்பதை எங்கள் ஊர்ச் சந்தையிலேயே பார்த்தோம். மாதம் பதினேழாம் தேதி சந்தை. ஆக்டோபஸ் வேகிற அண்டாவுக்குப் பக்கத்தில் ஒருவன் கடை போடுவான். டொரிண்டா செவானே குடை, டொரிண்டா செவானே வீட்டுச் செருப்பு. ஒரு தடவை நாய்க்குப் போடுகிற கோட்டு. அவன் அவளை அறியாதவன், வெளியூர்க்காரன். அவள் எதிரில் நின்று கொண்டிருக்கும்போதே அவள் பெயரைச் சொல்லி, மூன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று கூவினான். அவள் அந்த நாய்க் கோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கழுத்துத் தையல் கோணல். வைத்துவிட்டுப் போனாள்.

ரெண்டாயிரத்து ஆறு நவம்பரில் மழை கொட்டும்போது என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. நான் கதவைத் திறந்தேன், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கத்தரி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். உனக்கு எதுக்கு?" முதல் தடவையாக அவளை நீ என்றேன். தொழிற்சாலையில் எப்போதும் நீங்கதான்.

"அம்மாவோட வண்டிக் கொட்டகையைக் கழுவி விட்டிருக்கேன். ஏழு மெஷின் போடலாம்."

"நூத்து நாப்பது பேருக்கு ஏழு மெஷின் பத்துமா?"

அவள் மூக்கு நுனியில் மழைத்தண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை. "தூக்கம் வேணும்னுதான் கையெழுத்துப் போட்டேன் சபேலா. நீங்கல்லாம் என்ன ஆவீங்கன்னு அப்ப நினைக்கல. நினைச்சேன்னு சொன்னா அது பொய்."

அந்த ஒரு வார்த்தைக்காக உள்ளே விட்டேன். அடுப்பில் இருந்த கீரைக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தோடும் கஞ்சி ஊற்றலாம்.

ஏழு பேர் சேர்ந்தோம், எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிய கண். கம்பளிக் கோட்டுதான், பழைய கழுத்துப்பட்டிதான். லைனிங் துணி வாங்க முடியாததால் மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு உள்துணி தைத்தோம். அது என் யோசனை. அவள் ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்றாள். முதல் பன்னிரண்டு கோட்டு தயாரானபோது லேபிளில் என்ன போடுவது என்ற கேள்வி வந்தது. கம்பெனி ஒப்பந்தப்படி அவள் பெயரைப் போடக் கூடாது. அம்மா வழிக் குடும்பப் பெயரைப் போடக் கூடாது. முதலெழுத்து கூடாது, கையெழுத்து கூடாது. இருபத்தைந்து வருஷத்துக்கு. ஒருத்தி புனிதர் பெயர் சொன்னாள், ஒருத்தி ஆற்றின் பெயர் சொன்னாள்.

டொரிண்டா காஜாவுக்கு அடையாளம் வைத்துக்கொண்டே, தலை நிமிராமல், கந்தல்காரி என்று போடுங்கள் என்றாள்.

ஏழு பேரும் தரையைப் பார்த்தோம். எங்கள் வாயிலிருந்து அவள் எதிரில் ஒரு நாளும் வராத சொல் அது.

"என்ன? எனக்குக் காது இல்லைன்னா நினைச்சீங்க?" என்றாள். "செவிடன் வீடு நான் இல்ல, அதோ அவ."

ஐம்பது வருஷத்தில் அவள் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம், ஒருத்தி அழவும் செய்தாள்.

கொட்டகைக் கதவுக்கு மேல் அதே பெயரில் பலகை வைத்தோம். சின்னக் கடைகள் வாங்கின, பிறகு லிஸ்பனிலிருந்து ஒரு கடை, அப்புறம் இன்னும் இரண்டு. வயிறு நிறைந்தது, அவ்வளவுதான். அதைப் பொறுக்காமல் மாட்ரிட் கம்பெனி வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததாம்: பொதுமக்கள் அவரை அறிந்திருக்கும் வேறு எந்தப் பெயரும். அவளுக்கு ஊரில் கந்தல்காரி என்று பெயர், ஆகவே அந்தப் பெயரும் எங்களுடையது என்றார்கள். அவள் வாழ்நாளெல்லாம் மறைத்து வைத்திருந்த அவமானத்துக்கும் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். தோற்றால் லேபிள் போகும், கோட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டும், கொட்டகையைச் சாத்த வேண்டும்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? கம்பெனி ஆள் ஒருவன் வழி கேட்டு பேக்கரிக்குப் போன் செய்திருக்கிறான். எடுத்தவள் பல்பினா. கந்தல்காரி இடமா, நீரூற்றைத் தாண்டி வலதுபக்கம் என்று சொல்லியிருக்கிறாள். அவன் அதை எழுதி வைத்துக்கொண்டான். சாட்சிப் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில்.

நான் பேக்கரிக்குப் போனேன். ரொட்டி வாங்குகிற மாதிரி நின்று, ஆள் எல்லாம் போன பிறகு, கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். எங்கள் ஊரில் கேள்விக்குப் பதில் கேள்விதான். எது கேட்பார்களோ அது என்றாள். நீ வாய் திறந்தால் ஏழு குடும்பம் போகும் என்றேன்.

"நூத்து நாப்பது போனப்ப எந்த பேக்கரிக்குப் போய் நின்னே?" என்று கேட்டுக்கொண்டே ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று டொரிண்டாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து போகும்போது அவள் கூலி வாங்காமல் போகிறவள் மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

விசாரணை ஒரென்சே நகரத்தில். பேருந்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம், வாதியின் சாட்சிகளும் பிரதிவாதியின் சாட்சிகளும், வேறு பேருந்து கிடையாது. நீதிபதி ஒரு பெண், மலைப்பக்கத்துக்காரி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கம்பெனி வக்கீல் நல்ல மனுஷன், பாவம், மாட்ரிட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள் போலிருக்கிறது.

தபால்காரரைக் கேட்டார், இந்தப் பெண்மணியை ஊரில் கந்தல்காரி என்பார்களா என்று. தபாலைப் பெயர் பார்த்துத்தானே கொடுக்க முடியும் என்றார் அவர். பட்டப்பெயரை மட்டும் எழுதி வந்த கடிதங்களை முப்பது வருஷம் வீடு சேர்த்தவர். சாராயக்கடைக்காரன், குடிக்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தால் நான் கடை நடத்த முடியுமா ஐயா என்று கேட்டான். மூன்றாவது ஆள், கந்தல்காரி என்றால் யாரோ கந்தல் விற்கிறவளாக இருக்கும் என்று விளக்கம் சொன்னான். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிறகு செல்சோ. ஊரில் எல்லோருடைய பட்டப்பெயரையும் மரண அறிவிப்பில் அச்சடிப்பது நீங்கள்தானே என்றார் வக்கீல். ஆமாம், பட்டப்பெயர் இருக்கிறவர்களுக்குப் போடுவேன் என்றான் செல்சோ. இந்தக் குடும்பத்துக்கு? செல்சோ உள்பையிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நீதிபதி அதை உரக்கப் படித்தாள். பிலோமினா பாசோஸ் ரியால், எழுபது வயது. தாளைத் திருப்பிப் பார்த்தாள். கீழே ஒன்றும் இல்லை.

நான் டொரிண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடமிருந்து அவள் பிடுங்கிக்கொண்டது அவளைக் காப்பாற்ற வந்திருந்தது. அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பட்டியலில் முதலில் இருந்தும் கடைசியாகக் கூப்பிட்டது பல்பினாவை. தலையை நிமிர்த்திக்கொண்டு, பூசைக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அது டொரிண்டா செவானே கோட்டு, எண்பத்து மூன்றில் தைத்தது, நான் வெட்டியது. எங்கே வாங்கினாளோ தெரியாது.

போனில் கந்தல்காரி என்று சொன்னீர்களா என்று கேட்டார் வக்கீல்.

"சொன்னேன்" என்றாள் பல்பினா. "கதவுக்கு மேல பலகையில அப்படித்தான் எழுதியிருக்கு. ஒருத்தர் கடைக்கு வழி கேட்டா, பலகையில இருக்கிறதைத்தானே சொல்லணும்?"

"பலகை வைக்கறதுக்கு முன்னாடி அவங்களை என்னன்னு கூப்பிட்டீங்க?"

பல்பினா டொரிண்டாவைப் பார்த்தாள். "முதலாளியம்மான்னு கூப்பிட்டேன்" என்றாள். "ஒரு சாக்குத் துணிக்காக எல்லார் முன்னாலயும் என்னைத் துரத்தினாங்க. அதுக்கப்புறம் இருபத்தொம்பது வருஷமா எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயித்தோம். தீர்ப்பு வர நாலு மாதம் ஆனது, ஆனால் அன்றைக்கே தெரிந்துவிட்டது. திரும்பும்போது பேருந்தில் டொரிண்டா எழுந்து போய்ப் பல்பினா பக்கத்தில் உட்கார்ந்தாள். பல்பினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, உனக்காக ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஏழு பேரில் என் தம்பி பெண்டாட்டியும் இருக்கிறாள் என்றாள். டொரிண்டா தெரியும் என்றாள். ஊர் வரும்வரை இருவரும் இடம் மாறி உட்காரவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு சாக்கு நிறையத் துண்டு துணி பேக்கரி வாசலில் இருந்தது. பல்பினா உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வாராவாரம் போனது.

ஜெயித்த பிறகு ஒன்று நடந்தது, அதை யாரும் யோசிக்கவில்லை. ஊர் வாயை மூடிக்கொண்டது. வழக்கு மறுபடி வருமோ என்ற பயத்தில் அவளுக்குப் பின்னால் கூட யாரும் கந்தல்காரி என்று சொல்வதில்லை. கோர்ட்டில் சொன்ன சாட்சியத்தை நாங்களே நம்பிவிட்டோம். அவள் அதைக் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் இஸ்திரி போட்டுக்கொண்டே, இப்போதெல்லாம் என்னை என்னவென்று சொல்கிறார்கள் சபேலா என்று கேட்டாள். ஒன்றும் சொல்வதில்லை என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு களைத்த முகத்தை நான் பார்த்ததில்லை, தொழிற்சாலை நாட்களில் கூட.

ரெண்டாயிரத்துப் பத்தொன்பது அக்டோபரில் படுத்தாள். நுரையீரல். சாவதற்கு இரண்டு நாள் முன்னால், அறிவிப்பில் பட்டப்பெயர் போடச் சொல் என்றாள். அம்மாவுக்குப் போடாததையும் சேர்த்துப் போடச் சொல் என்றாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அச்சில் வந்தால் கம்பெனிக்கு அதுதான் அத்தாட்சி. கொட்டகையில் இப்போது ஒன்பது பேர்.

அவள் யோசித்தாள். "அப்ப வேண்டாம்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அது.

செல்சோவிடம் விவரம் கொடுக்க நான்தான் போனேன். அவனுக்கும் எழுபது வயதாகிவிட்டது. டொரிண்டா செவானே பாசோஸ் என்று எழுதினான். கீழே என்ன என்று கேட்காமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் இல்லை என்றேன். ஆமாம், கோர்ட்டிலேயே சொன்னேனே, இல்லை என்றான். எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஒட்டுகிறவனிடம் சாயங்காலமே தாள்கள் போய்விட்டன.

மறுநாள் காலையில் அடக்கத்துக்குப் பூ வாங்க இறங்கினேன். நீரூற்றுச் சுவரில் அறிவிப்பைப் பார்த்தேன். பெயருக்குக் கீழே, செல்சோ விட்ட இடத்தில், பென்சிலால் கந்தல்காரி என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எந்த மடையன் என்று திட்டிக்கொண்டே சாராயக்கடைக்கு ஓடினேன். அங்கேயும் இருந்தது, வேறு கையெழுத்து, நீலப் பேனா. தபால் நிலையத்தில் வேறு ஒரு கை, பெரிய எழுத்து. தேவாலயக் கதவில், பேருந்து நிற்கிற இடத்தில், பள்ளிக்கூட மதிலில். ஒன்று கூட ஒன்றைப் போல இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு செய்ததாகத் தெரியவில்லை. அவரவர் வீட்டிலிருந்து பேனா எடுத்து வந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கிழிக்க வேண்டும் என்று தெரியும். எவனாவது படம் பிடித்து மாட்ரிட்டுக்கு அனுப்பினால் போதும். பையில் கத்தரி இருந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் அடக்கத்துக்கு ஜனம் தேவாலயத்துக்குள் கொள்ளாமல் குடையோடு சாலை வரை நின்றபோது, சுவர்களில் இருந்த தாளெல்லாம் ஊறிக் கிழிந்து ஓடிவிட்டிருந்தது.

பேக்கரிக் கதவில் ஒட்டியது மட்டும் கூரைக்குக் கீழே இருந்ததால் நனையவில்லை. பல்பினாவின் எழுத்து எனக்குத் தெரியும், ரொட்டிக் கணக்குச் சீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லாக எழுதாமல் முழு வரியாக எழுதியிருந்தாள்: கந்தல்காரி பிலோமினாவின் மகள், கந்தல்காரி. நான் கத்தரியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு ரொட்டி கேட்டேன்.